பதின்மூண்டோ, முப்பதோ?

வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் 2016இல் சாதாரண தரம் எழுதினேன். ஆங்கிலத்துக்கு சி. பிறகு கணக்கியல் படித்து, இப்போது கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு உதவியாளராக இருக்கிறேன். ஒவ்வொரு திங்களும் காலை 9 மணிக்குக் கொழும்புக் கந்தோருடன் சூமில் கூட்டம். எல்லாம் ஆங்கிலத்தில். ஈமெயில் என்றால் யோசித்து எழுதிவிடுவேன். ஆனால் என் பெயரைச் சொல்லி ஏதும் கேட்டால் நெஞ்சு அடைத்துவிடும். 'யெஸ் சேர்', 'ஓகே சேர்' என்றுவிட்டு மைக்கை மூடிவிடுவேன். போன கிழமை, 'மல்லாவி வவுச்சர்கள் இன்னும் அனுப்பவில்லையா?' என்று கேட்டார்கள். ஓம், அனுப்பவில்லை என்ற எண்ணத்தில் 'யெஸ்' என்றேன். அனுப்பியாயிற்று என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். பிறகு பெரிய பிரச்சினையாகிவிட்டது. ஆங்கிலம் நன்றாகக் கதைக்கிற பக்கத்து மேசைப் பிள்ளை சிரித்துவிட்டார். அன்றிலிருந்து ஞாயிறு பின்னேரமே எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போகட்டா? ஏன் எனக்கு மட்டும் வாய் வருகுதில்லை?

பெயர் வேண்டாம், தருமபுரம்

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு விரல்விட்டு ஒரு கணக்குப் பார்த்தேன். 2016இல் சாதாரண தரம் என்றால் 2008இல் நீங்கள் மூன்றாம் வகுப்பு. எங்கள் பாடசாலைகளில் ஆங்கிலப் பாடப்புத்தகம் பிள்ளையின் கைக்கு வருவதே மூன்றாம் வகுப்பில்தான். அந்த வருடம்தான் கிளிநொச்சிச் சனம் கதிரை, கட்டில், கூரைத்தகரம் எல்லாவற்றையும் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு தருமபுரம் பக்கம் வந்து நிறைந்தது. அடுத்த தையில் தருமபுரமும் வெளிக்கிட்டது. நான்காம் வகுப்பு 2009. அந்த வருடத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. செட்டிகுளத்து முகாமில் தறப்பாளுக்குக் கீழே நடந்த வகுப்புகளை நான் கண்ணால் கண்டவள். வெக்கையில் பிள்ளைகள் கொப்பியால் விசிறிக்கொண்டு இருப்பார்கள். பின்வரிசைப் பிள்ளைக்கு ரீச்சரின் குரலே கேட்காது.

ஆங்கிலத்துக்கு அத்திவாரம் போடுகிற இரண்டு வருடமும் உங்களுக்குப் பங்கரிலும் முகாமிலும் போயிற்று. அதற்குப் பிறகும் படித்து சி எடுத்திருக்கிறீர்கள். அந்தப் பரீட்சையும் எழுத்துத்தாள்தான். வாய் திறந்து கதைக்கச் சொல்லி ஒருவரும் உங்களைச் சோதிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் கேட்காத ஒன்றை இப்போது திங்கட்கிழமை 9 மணிக்குக் கேட்கிறார்கள். ஆகவே 'எனக்கு மட்டும்' என்ற சொல்லை முதலில் விடுங்கோ. உங்கள் வயதில் வன்னியில் நிறையப் பேருக்கு இதே கதைதான்.

என் கதையையும் சொல்கிறேன். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு வன்னிக்கு வந்த வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கியவள் நான். 2010இல் சனம் திரும்பி வந்து குடியேறிக்கொண்டிருந்த நேரம், ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கூரைத்தகரம் கொடுப்பது பற்றி ஒரு கூட்டம். இன்னும் எத்தனை குடும்பத்துக்குக் கூரை இல்லை என்று வெளிநாட்டு அலுவலர் கேட்டார். 'தேர்ட்டி' என்றேன். அவர் பேனையை நிறுத்தி, 'தேர்ட்டீன்?' என்று திருப்பிக் கேட்டார். காதில் ஏதோ இடறியது. ஆனாலும் 'யெஸ் சேர்' என்றேன்.

அடுத்த கிழமை லொறி வந்தது. 13 குடும்பத்துக்கான தகரம். விடியவே வந்து வரிசையில் நின்றது 30 குடும்பம். கார்த்திகை மழை தொடங்கிவிட்டது. வெறுங்கையோடு திரும்பிய 17 குடும்பத்தில் ஒரு தாய், கைக்குழந்தையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, 'நீங்கள்தானே பிள்ளை போய்க் கதைச்சனீங்கள்?' என்று கேட்டா. கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. மிச்சத் தகரம் வர மூன்று கிழமை எடுத்தது.

என் ஆங்கிலம் காணாததால்தான் அது நடந்தது என்று கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை, தங்கச்சி. அவர் திருப்பிக் கேட்ட கணத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெரிய ஆட்கள் இருந்த மேசையில் 'விளங்கவில்லை, திருப்பிச் சொல்லுங்கோ' என்று கேட்கத்தான் வெட்கம். 17 குடும்பத்தை நனையவிட்டது அந்த வெட்கம். அதற்குப் பிறகு நான் முதலில் படித்தது கதைக்கிற ஆங்கிலத்தை இல்லை. மறிக்கிற ஆங்கிலத்தை. ஓடுகிற பஸ்ஸைக் கைகாட்டி மறிப்போமே, அதுபோல எதிரே கதைப்பவரை மரியாதையாக மறிக்கிற ஆங்கிலம். நீங்களும் அதிலேயே தொடங்குங்கோ.

'சொறி, குட் யூ சே தட் அகெய்ன்?' இதை வீட்டில் நூறு தரம் சொல்லிப் பாருங்கோ, கூட்டத்தில் யோசிக்காமல் வர வேண்டும். எண் வந்தால், 'வன் த்ரீ, ஓர் த்ரீ சீரோ?' என்று இலக்கம் இலக்கமாகப் பிரித்துக் கேளுங்கோ. கணக்குப் பகுதியில் இருப்பவர் அப்படிக் கேட்டால் கவனமான ஆள் என்றுதான் நினைப்பார்கள். இன்னொன்று தெரியுமா, தேர்ட்டியில் அழுத்தம் முதலில் விழும், மற்ற அரைவாசி சட்டென்று முடிந்துவிடும். தேர்ட்டீனில் பின்பாதி நீண்டு அழுந்தும். அன்று இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இன்றைக்கும் நான் இலக்கம் பிரித்தே கேட்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்து இணைய இணைப்பில் 'டீனும்' 'டியும்' ஒன்றாகத்தான் கேட்கும். உடனே பதில் தெரியாவிட்டால், 'லெட் மீ செக் அண்ட் கம் பாக் டு யூ.' பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அர்த்தம். அவர்கள் நீளமாக ஏதும் சொல்லி முடித்தால், விளங்கியதை உங்கள் வாயால் திருப்பிச் சொல்லி, 'இஸ் தட் ரைட்?' என்று முடியுங்கோ. இந்த நாலும் வாயில் இருந்தால் கூட்டம் உங்கள் வேகத்துக்கு வரும். பயத்தில் பாதி அங்கேயே இறங்கிவிடும்.

இனி அந்த 'யெஸ்'. அதில் நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் சரியான தமிழில் பதில் சொன்னீர்கள், அது ஆங்கிலத்தில் பிழையாகிப் போனது. 'அனுப்பேல்லையோ?' என்று கேட்டால் நாங்கள் 'ஓம், அனுப்பேல்லை' என்போம். எங்கள் ஓம், கேட்டவர் சொல்வது சரி என்று ஒத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் யெஸ்ஸும் நோவும் கேள்வி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பதில்லை, நடந்ததை மட்டும் பார்க்கும். அனுப்பியிருந்தால் யெஸ். அனுப்பாவிட்டால் நோ. எப்படிக் கேட்டாலும் அதுதான். மொழிபெயர்ப்பு வேலையில் இந்த ஒரு சொல்லால் வந்த கரைச்சல்களை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். அதனால் யெஸ், நோ இரண்டையும் தனியே விடாதையுங்கோ. 'நொட் யெட். ஐ வில் சென்ட் தெம் டுமோரோ.' இன்னும் இல்லை, நாளைக்கு அனுப்புகிறேன். இப்படிச் சொன்னால் ஒருவரும் பிழையாக எடுக்க முடியாது.

வாய் ஏன் அடைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பயம் ஒரு பக்கம் இருக்க, மொழியிலும் ஒரு காரணம் இருக்கிறது. 'மல்லாவியில இருந்து வரவேண்டிய ரசீது மூண்டு இன்னும் வந்து சேரேல்லை' என்று சொல்லிப் பாருங்கோ. என்ன நடந்தது என்பது கடைசிச் சொல்லில்தான் வருகிறது. தமிழுக்கு அது வடிவு. ஆங்கிலத்திலோ யார், என்ன செய்தார் என்பது முதல் இரண்டு சொல்லிலேயே வந்துவிட வேண்டும். நாங்கள் முழு வசனத்தையும் தலைக்குள் தமிழில் கட்டி, பிறகு வாலைப் பிடித்துத் தலையாக்கப் பார்க்கிறோம். அதற்குள் அங்கிருந்து 'ஹலோ, ஆர் யூ தேர்?' என்று கேட்டுவிடுவார்கள். கேட்டதும் கட்டியதெல்லாம் கலைந்துவிடும். ஆகவே முழு வசனத்துக்காகக் காத்திராமல் முதல் இரண்டு, மூன்று சொல்லை மட்டும் ஆயத்தமாக வைத்திருங்கோ. 'வீ சென்ட்', 'வீ நீட்', 'ஐ ஃபினிஷ்ட்', 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபோர்'. வாய் திறந்து 'ஐ ஆம் வெயிட்டிங் ஃபோர்' என்றுவிட்டால், மல்லாவியும் ரசீதும் மூன்றும் தானாகப் பின்னால் வந்து சேரும். துண்டு துண்டாக வந்தாலும் பரவாயில்லை.

ஞாயிறு பின்னேரம் சோறு இறங்காமல் இருப்பதற்குப் பதிலாக, அந்த நேரத்தில் ஒரு தாளில் மூன்று வசனம் எழுதுங்கோ. போன கிழமை முடித்தது ஒன்று. இழுபடுவது ஒன்று. கொழும்பிடம் உங்களுக்கு வேண்டியது ஒன்று. வட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒரு வொயிஸ் நோட் போட்டுக் கேளுங்கோ. முதல் தரம் தன் குரலைக் கேட்க எல்லாருக்கும் ஒருமாதிரித்தான் இருக்கும், ஐந்தாம் தரம் பழகிவிடும். திங்கள் காலை கூட்டத்தில் நீங்கள் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ கதையுங்கோ. கடைசி ஆளாகக் காத்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் பயம் வளரும், ஊசி போட வரிசையில் நிற்பது மாதிரி. கூட்டம் முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குள், கதைத்த எண்களையும் திகதிகளையும் ஈமெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கோ. எழுத்து உங்கள் கைவந்தது. வாயில் ஏதும் பிழைத்திருந்தால் அது திருத்திவிடும்.

மரியாதை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் 'தாங்கோ', 'சொல்லுங்கோ' என்னும்போது மரியாதை அந்த 'ங்கோ'வில் இருக்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் அது இல்லை. அதனால் நாங்கள் 'கிவ் மீ த ரிப்போர்ட் சேர்' என்று சொல்லி, சேர் என்ற சொல்லில் முழு மரியாதையையும் ஏற்றிவிடுகிறோம். கேட்பவருக்கு அது கட்டளையும் கும்பிடுமாகக் கலந்து கேட்கும். 'குட் யூ சென்ட் மீ த ரிப்போர்ட்?' என்றால் போதும். அந்த 'குட் யூ'தான் ஆங்கிலத்தின் 'ங்கோ'. இதைச் சொல்லிக் கொடுத்த அன்று என் மாலை வகுப்பில் ஒரு பிள்ளை, 'அப்ப நான் இவ்வளவு நாளும் மனேஜரை அதட்டிக்கொண்டோ இருந்தனான்?' என்று கண்கலங்கிவிட்டாள்.

கொழும்பு ஆட்களை நினைத்து நடுங்காதையுங்கோ. 1987இல் அரசியலமைப்புக்குக் கொண்டுவந்த 13ஆம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. இணைப்பு மொழி என்றால் இரண்டு கரையிலிருந்தும் ஆட்கள் நடந்து வந்து நடுவில் சந்திக்கிற பாலம். சூமில் அந்தப் பக்கம் இருக்கிற சிங்களப் பிள்ளைக்கும் அது பெரும்பாலும் இரண்டாம் மொழிதான். தென்பகுதிக் கம்பஸ்களில் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள். வாள் என்று அர்த்தம். வெட்டு வாங்கியவர்கள் வைத்த பெயர் அது.

பக்கத்து மேசைப் பிள்ளையிடம் தனியாக, 'நீங்கள் சிரிச்சது எனக்கு நொந்தது' என்று தமிழிலேயே சொல்லுங்கோ. அதைச் சொல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். சொன்ன பிறகு, திங்கள் காலை 8.45க்கு உங்கள் மூன்று வசனத்தையும் ஒருக்கால் கேட்கச் சொல்லுங்கோ. பலர் உதவி கேட்டால் மாறிவிடுவார்கள்.

வகுப்புக்குப் போகலாம். காசு கட்ட முதல் ஒன்று மட்டும் கேளுங்கோ: ஒரு மணித்தியால வகுப்பில் ஒரு பிள்ளை எத்தனை நிமிடம் வாய் திறக்கும்? பதில் ஐந்து நிமிடத்துக்குக் குறைவு என்றால், அந்தக் காசுக்கு டேட்டா போட்டு ஒரு சிநேகிதியோடு ஆங்கிலத்தில் கதையுங்கோ.

கேள்வி:

வவுனியாவில் பார்மசி ஒன்றில் வேலை. வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருபவர்கள் ஆங்கிலத்தில் கேட்பார்கள். என் உச்சரிப்பு அப்படியே தமிழ். வெள்ளைக்காரர் மாதிரிக் கதைக்கப் பழக வேண்டுமா?

வாசகர், நெளுக்குளம்

பதில்:

தேவையில்லை. உங்கள் வாயில் வன்னி கேட்பதில் ஒரு குறையும் இல்லை. பொருளை மாற்றிவிடுகிற ஒலிகளை மட்டும் திருத்திக்கொள்ளுங்கோ. பார்மசியில் மிக முக்கியமானது 'பில்'. மருந்துக் குளிசையும் பில், காசுச் சிட்டையும் பில். எங்கள் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ப, அதனால் வாயும் ஒன்றாகவே சொல்கிறது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் பிடியுங்கோ. குளிசை என்றால் 'ப்' சொல்லும்போது கையில் காற்று அடிக்க வேண்டும். சிட்டை என்றால் அடிக்கக்கூடாது. அடுத்தது கொப்பியும் கோப்பியும். குடிக்கிற கோப்பிக்குக் கீழுதட்டை மேற்பல்லில் தொட்டு ஊதவேண்டும், ஃ போட்டு எழுதுகிற ஒலி. பிரதி எடுக்கிற கொப்பிக்கு இரண்டு உதடும் ஒட்டும். ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் கண்ணாடிக்கு முன்னால் நின்று செய்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும்.

கேள்வி:

அக்கா, எனக்கு 41 வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. மாங்குளத்தில் உழவு மெசின், அறுவடை மெசின் திருத்துகிற கராஜில் வேலை. பெயரிங் தேய்ந்தது, கியர் பொக்ஸ் சத்தம், ஒயில் சீல் லீக், கிளச் பிளேட், பெல்ட் எல்லாம் என் கையால் பார்ப்பேன். கொம்பனியில் இருந்து இந்திய இஞ்சினியர் வந்தால் முதலாளி என்னைத்தான் முன்னுக்கு விடுவார். எனக்கு ஆங்கிலம் வராது. ஒருநாள் இரண்டு சொல் கதைத்துப் பார்த்தேன். கூட வேலை செய்கிற பொடியள், 'துரை வந்திட்டார்' என்று பகிடி பண்ணினார்கள். இந்த வயதில் இனிப் படிக்க முடியுமா?

மாங்குளம் வாசகர்

பதில்:

தம்பி, உங்கள் ஒற்றை வசனத்தில் ஐந்து உதிரிப்பாகங்களின் பெயர் இருக்கிறது. ஐந்தும் ஆங்கிலம். இரண்டு வருடம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குக்கூட ஒயில் சீலுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரியாது. சாமான்களின் பெயர் எல்லாம் உங்களிடம் இருக்கிறது. அவற்றை ஒட்டுகிற சொற்கள்தான் இல்லை. அவை கொஞ்சம்தான்.

'லீக்கிங்' ஒழுகுகிறது. 'வோர்ன் அவுட்' தேய்ந்துவிட்டது. 'லூஸ்' இளகியிருக்கிறது. 'டூ டைட்' கூட இறுகிவிட்டது. 'ஐ சேஞ்ச்ட் இட்' நான் மாற்றிவிட்டேன். இவற்றுக்கு முன்னால் 'திஸ்' என்று சொல்லி விரலால் தொட்டுக் காட்டுங்கோ. 'திஸ் பெயரிங் இஸ் வோர்ன் அவுட்.' முழு வசனம் வந்துவிட்டது. மேலே தருமபுரத்துத் தங்கச்சிக்கு இருக்கிற கரைச்சல் உங்களுக்கு இல்லை. அவருக்கு முன்னால் இருப்பது வெறும் திரை. உங்களுக்கு முன்னால் மெசினே நிற்கிறது. ஸ்டார்ட் பண்ணி, 'லிஸின்' என்று சொன்னால், சத்தமே மிச்சத்தைச் சொல்லிவிடும். அந்த இஞ்சினியருக்கும் ஆங்கிலம் தாய்மொழியாக இராது. உங்கள் காதும் கையும் சொல்வதைக் கேட்கத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்து நிற்கிறார்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். கிளிநொச்சியில் என் மாலை வகுப்பில் மூத்தவருக்கு 58 வயது. பரந்தனில் இருந்து சைக்கிளில் வருகிறார். வகுப்பில் அதிகம் கேள்வி கேட்பவர் அவர்தான், அதனால் வேகமாகப் படிப்பவரும் அவர்தான்.

பொடியளின் பகிடிக்கு மனம் நோகாதையுங்கோ. துரை என்றால் எங்கள் பாட்டன் காலத்தில் மேலே நின்று அதட்டியவன். ஆங்கிலம் அவன் வாயில் இருந்தது. நீங்கள் ஆங்கிலம் கதைத்தால் தங்களை விட்டு அந்தப் பக்கம் போய்விடுவீர்களோ என்று ஒரு பயம் அந்தப் பகிடிக்குள் இருக்கிறது. அதை வாயால் சொல்லித் தீர்க்க முடியாது. படிக்கிறதை அவர்களோடு சேர்ந்தே படியுங்கோ. கராஜின் தகரக் கதவில் காலையில் வெண்கட்டியால் ஒரு சொல் எழுதுங்கோ. அன்று முழுக்க அந்த வேலைக்கு எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் சொல்ல வேண்டும். பின்னேரம் அழித்துவிட்டு அடுத்ததை எழுதுங்கோ. முதல் நாளுக்கு 'லீக்கிங்' எழுதுங்கோ. அதில் பாதி அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.